மாத்திரை மட்டும்தான் இறங்கவில்லையா?

வாசகர் கடிதம்:

“ஐயா, வணக்கம். என் அம்மாவுக்கு 71 வயது. இனிப்புநீரும் ரத்தக்கொதிப்பும் 15 வருடமாக இருக்கின்றன. மெட்ஃபோர்மின், அம்லோடிபின், ஹைட்ரோகுளோரோதயசைட், சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறார். கேஸ்ட்ரிக்குக்கு இரண்டு வருடமாக ஓமெப்ரசோல். ஆறு மாதமாக ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டு அலறி எழுந்துவிடுகிறார். கோயிலில் பழக்கமான ஓர் அம்மா மெக்னீசியம் சாப்பிடச் சொல்லி ஒரு போத்தல் வாங்கிக் கொடுத்தார். மாத்திரை பெரிதாக இருப்பதால் தொண்டையிலேயே நிற்கிறது என்கிறார். பாதியாக உடைத்தும் பார்த்தோம், சிரமம்தான். இப்போது சின்ன உரலில் இடித்து வாழைப்பழத்தில் பிசைந்து கொடுக்கிறேன். இப்படி இடிக்கலாமா? எந்த வகை மெக்னீசியம் நல்லது? தண்ணீரில் கரைப்பதாக வாங்கலாமா? அம்மா இப்போதெல்லாம் சோற்றையும் ரசம் ஊற்றிக் குழைத்துத்தான் சாப்பிடுகிறார், வயதாகிவிட்டதல்லவா. ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. – பெயர் வேண்டாம், புக்கிட் மெர்தாஜாம்.”

மருந்தாளர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியவை நீங்கள் கேள்வியாகவே எழுதாத கடைசி இரண்டு வரிகள்: ரசம் ஊற்றிக் குழைத்த சோறு, தொளதொளவென்று ஆன ரவிக்கை. மெக்னீசியம் எந்த வகை, எத்தனை மில்லிகிராம் என்பதெல்லாம் அப்புறம். முதலில் அம்மாவின் தொண்டையை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். அதுவரை அந்தப் போத்தலை மூடி வையுங்கள். தசைப்பிடிப்புக்குச் சாப்பிடும் மெக்னீசியத்தை டாக்டரைப் பார்க்கும் வரை சில நாள் நிறுத்தி வைப்பதால் பொதுவாகக் கெடுதல் வராது.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? அம்மாவுக்கு 15 வருடமாக இனிப்புநீர், அதற்கு மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சின்ன மாத்திரை இல்லை. இத்தனை காலம் அதை விழுங்கியவருக்கு இன்று மெக்னீசியம் மாத்திரை தொண்டையில் நிற்கிறது என்றால், மாத்திரையின் அளவை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாகக் கேளுங்கள்: “மெட்ஃபோர்மின் இறங்குதாம்மா?” கேட்டுவிட்டு, மருந்துப் பையையும் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

பையைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வயதானவர்கள் மருந்துப் பையைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டும்போது நான் முதலில் பார்ப்பது எது தீர்ந்திருக்கிறது, எது மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான். அம்லோடிபின் சின்ன மாத்திரை, கணக்காகத் தீர்ந்திருக்கும். மெட்ஃபோர்மின் அட்டைகள் மட்டும் ரப்பர் பேண்ட் போட்டபடி கட்டுக் கட்டாகக் கிடக்கும். கேட்டால் “சுகர் இப்ப கட்டுப்பாட்டுல இருக்குப்பா” என்பார்கள். உண்மையில் விழுங்க முடியவில்லை. பிள்ளைகளிடம் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போவார்கள் என்ற பயம். உங்கள் அம்மாவின் பையிலும் பெரிய மாத்திரைகள் மட்டும் மிஞ்சியிருந்தால், தொண்டைக் கோளாறு அந்த மெக்னீசியம் போத்தல் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து, அம்மா சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். வேவு பார்ப்பது போல வேண்டாம், நீங்களும் தட்டைப் போட்டுக்கொண்டு கூடவே சாப்பிடுங்கள். முதல் வாயிலேயே விழுங்கத் தொடங்கத் திணறுகிறாரா? தண்ணீரோ கோப்பியோ குடிக்கும்போது புரையேறுகிறதா, குடித்த பின் குரல் ஈரமாக, கரகரவென்று வருகிறதா? அப்படியானால் கோளாறு வாயிலும் தொண்டையிலும் இருக்க வாய்ப்பு அதிகம். நரம்பும் தசையும் சரியாக ஒத்துழைக்காதபோது இப்படி ஆகும். இல்லை, விழுங்கிய சில விநாடி கழித்து நெஞ்சுப் பக்கம் நிற்கிறது என்று கையை அங்கே வைத்துக் காட்டுகிறாரா? அப்படியானால் உணவுக்குழாயைப் பார்க்க வேண்டும். தோசை, ரொட்டி, இறைச்சி மட்டும் நின்று, கஞ்சியும் தண்ணீரும் தாராளமாக இறங்கினால் குழாயில் எங்கோ குறுகல் இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே திடம், திரவம் இரண்டும் சிரமமென்றால் குழாயின் அசைவில் கோளாறு இருக்கலாம். நோயாளி கை வைத்துக் காட்டும் இடம் எப்போதும் சரியாக இருக்காது. கீழே இருக்கும் அடைப்பு மேலே தொண்டையில் நிற்பது போலத் தெரிவதும் உண்டு. ஆகவே நீங்களே முடிவு கட்ட வேண்டாம். பார்த்ததை அப்படியே டாக்டரிடம் சொன்னால் போதும்.

முதலில் தோசை, பிறகு சோறு, பிறகு குழைத்த சோறு என்று வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போவதுதான் எங்களுக்குக் கவலை தரும் பாதை. அதோடு எடையும் குறைந்தால் அதை வயதின் மேல் போடக்கூடாது. வயதானால் விழுங்குவது சற்று மெதுவாகும் என்பது உண்மை. ஆனால் உணவு நிற்பதும் உடம்பு இளைப்பதும் முதுமையின் இயல்பு கிடையாது. ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள், முயற்சி எதுவும் இல்லாமல், எடையில் 20-இல் ஒரு பங்கு குறைந்தாலே காரணத்தைத் தேடவேண்டும் என்பது மருத்துவத்தில் பொதுவான கணக்கு. 60 கிலோ இருந்தவருக்கு அது 3 கிலோ. அம்மாவின் கிளினிக் புத்தகத்தில் ஒவ்வொரு வருகைக்கும் எடை குறித்திருப்பார்கள். எடுத்துப் பாருங்கள்.

ஒன்று கேட்க வேண்டும், தவறாக எண்ணாதீர்கள். அம்மாவுக்கு வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் உண்டா, அல்லது முன்பு இருந்ததா? மலேசியாவில் வாய்ப்புற்று விகிதம் நம் இந்தியச் சமூகத்தில்தான் அதிகம். அதற்கு வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் பெரிய காரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கையும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. பாக்கு வாயின் உள்தோலை இறுக்கி, வாயைத் திறக்கவே விடாமல் செய்வதும் உண்டு. நம் அம்மாக்கள் “புகையிலையா போடுறேன், வெறும் பாக்குதானே” என்று சொல்லிவிடுவார்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். பல் செட் பொருந்தாமல் ஆடுகிறதா, நாக்கிலும் கன்னத்திலும் வெள்ளைப் படலம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சர்க்கரை ஏறியே இருப்பவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வாயிலிருந்து உணவுக்குழாய் வரை இறங்கி, விழுங்கும்போது வலி தரும். அது மருந்தில் குணமாகக்கூடியது.

இனி, கால் இழுப்பும் விழுங்கும் சிரமமும் ஒன்றோடொன்று தொடர்புடையவையா என்ற கேள்வி. இரண்டும் தனித்தனியாக வந்திருக்கலாம். 71 வயதில் கெண்டைக்கால் இழுப்பது மிகச் சாதாரணம். ஆனால் ஒரே காரணம் இரண்டையும் கொண்டுவருவதும் உண்டு, அதனால்தான் டாக்டரிடம் இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தால் தசை இழுக்கும். அதே சுரப்பி கழுத்தில் வீங்கினால் குழாயை அமுக்கும். இரும்புச்சத்து வெகுவாகக் குறைந்த பெண்களுக்கு உணவுக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு வளர்ந்து திட உணவைத் தடுப்பது உண்டு. இரும்புக் குறைவில் ராத்திரி கால்கள் நிலைகொள்ளாமல் தவிக்கும், அதையும் பலர் ‘நரம்பு இழுக்குது’ என்றே சொல்வார்கள். தசை அழற்சி நோய்களில் மாடிப்படி ஏறவும் நாற்காலியிலிருந்து எழவும் முடியாமல் போகும், கூடவே விழுங்கவும் சிரமப்படும். இவை தவிர, மிக அரிதாக நரம்பையே தாக்கும் நோய்களும் இருக்கின்றன. பேச்சு குழறுவது, நாக்கோ கைத் தசையோ துடிப்பது, கையில் பிடித்த டம்ளர் நழுவுவது இவற்றில் எதையாவது கண்டால் உடனே சொல்லுங்கள்.

அரிய நோய்களில் ஒன்றை மட்டும் தனியாகக் குறிப்பிடுகிறேன், ஏனென்றால் அது மெக்னீசியத்தோடு நேரடியாக மோதும். மயஸ்தீனியா கிரேவிஸ் என்று பெயர். காலையில் நன்றாக இருப்பவர்கள் சாயங்காலம் ஆக ஆகக் களைத்துப் போவார்கள். கண் இமை தொங்கும், பார்வை இரட்டையாகத் தெரியும், பாதிச் சாப்பாட்டில் தாடை சோர்ந்து மெல்ல முடியாமல் போகும், குரல் மூக்கால் பேசுவது போல மாறும். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளை இந்நோயில் ஏற்கெனவே பலவீனம். மெக்னீசியம் அந்தக் கட்டளையை மேலும் தணிக்கும். விழுங்கவே சிரமப்படும் ஒருவருக்குக் காரணம் தெரியாமல் மெக்னீசியம் கொடுக்க நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் கேள்விகள். மெக்னீசியம் கால் இழுப்பை நிறுத்துமா? சுவரொட்டியிலும் போத்தலிலும் எழுதியிருக்கும் அளவுக்கு இல்லை. நல்ல ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பரிசீலித்த காக்ரேன் தொகுப்பு 2012-இல் வந்து 2020-இல் புதுப்பிக்கப்பட்டது. வயதானவர்களின் தசைப்பிடிப்பை மெக்னீசியம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைக்க வாய்ப்பில்லை என்பதே அதன் முடிவு. கர்ப்பிணிகளுக்கு வரும் இழுப்பில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. “எனக்குக் கேட்டுச்சே” என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. கால் இழுப்பு தானாகவே சில வாரம் வந்து சில வாரம் மறையும் குணமுடையது. மறையும் வாரத்தில் எது சாப்பிட்டாலும் அதுவே மருந்தாகத் தெரியும்.

உடம்பில் உண்மையிலேயே மெக்னீசியம் குறைந்திருப்பவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். உங்கள் அம்மா அந்தக் கூட்டத்தில் இருக்க வாய்ப்பு இருக்கிறது, அதற்கான காரணமும் அவருடைய மருந்துப் பையிலேயே இருக்கிறது. ரத்தக்கொதிப்புக்குச் சாப்பிடும் ஹைட்ரோகுளோரோதயசைட் சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் வெளியேற்றும். ஓமெப்ரசோல் குடலில் மெக்னீசியம் சேர்வதைக் குறைக்கும். 2011-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது: பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு இப்படி ஆகிறது என்றும், அவர்கள் பரிசீலித்தவர்களில் ஏறத்தாழ கால் பங்குப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் அளவு ஏறாமல் அந்தக் கேஸ்ட்ரிக் மருந்தையே நிறுத்தவேண்டி வந்தது என்றும் சொன்னது. இரண்டு மருந்தும் சேர்ந்தால் இழப்பு இன்னும் கூடும். மெக்னீசியம் மிகவும் குறைந்தால் பொட்டாசியமும் கால்சியமும் கூடவே இறங்கும், தசை இழுக்கும், நெஞ்சு படபடக்கும், அரிதாக விழுங்கும் தசைகளே சரியாக இயங்காமல் போவதும் உண்டு.

ஆகவே ஊகத்தில் மாத்திரை விழுங்குவதைவிட ஒரு ரத்தப் பரிசோதனை மேல். மெக்னீசியம், பொட்டாசியம், கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, இரும்புச்சத்து இவ்வளவையும் ஒரே தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். மெட்ஃபோர்மினை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையும் என்பதால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் மெக்னீசியம் வழக்கமாக லிட்டருக்கு 0.7 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும். உடம்பிலுள்ள சுமார் 25 கிராம் மெக்னீசியத்தில் ரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. அதனால் ரத்த அளவு சரியாக இருந்தாலும் டாக்டர் மற்ற விவரங்களையும் சேர்த்தே முடிவு செய்வார். தயவுசெய்து ஹைட்ரோகுளோரோதயசைட்டையோ ஓமெப்ரசோலையோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரத்தக்கொதிப்பு எகிறும். உணவுக்குழாயில் அமிலப் புண் இருந்தால் ஓமெப்ரசோலை நிறுத்துவது அதை மோசமாக்கும்.

சிறுநீரகச் செயல்பாட்டை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். 15 வருட இனிப்புநீர் சிறுநீரகத்தைத் தொட்டிருக்கக்கூடும். மிகுதியான மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். பரிசோதனைத் தாளில் சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ‘இஜிஎஃப்ஆர்’ என்ற எண் 30-க்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்லாமல் மெக்னீசியம் தொடவே கூடாது. உடம்பில் தேங்கினால் மந்தம், தூக்கம், தசைத் தளர்ச்சி, ரத்த அழுத்தம் விழுவது, நாடி மெதுவாவது என்று போகும். கிளினிக்கில் கேஸ்ட்ரிக்குக் கொடுக்கும் அந்த வெள்ளை நிறத் தண்ணீர் மருந்து அம்மாவிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் இருப்பது மெக்னீசியம் ட்ரைசிலிகேட், அதாவது அதுவும் மெக்னீசியம்தான். மலச்சிக்கலுக்குக் குடிக்கும் சில வெள்ளை மருந்துகளும் அப்படியே.

எந்த வகை நல்லது என்பதற்கு வருகிறேன். பரிசோதனையில் குறைவு என்று தெரிந்து, டாக்டரும் கொடுக்கச் சொன்னால், லேபலில் இரண்டு எண்ணைப் பிரித்துப் பாருங்கள்: உப்பின் எடை ஒன்று, அதிலுள்ள தனி மெக்னீசியத்தின் எடை மற்றொன்று. மெக்னீசியம் ஆக்சைடு 500 மில்லிகிராமில் சுமார் 300 தனி மெக்னீசியம் இருக்கும், ஆனால் குடலில் சேர்வது குறைவு, பேதிதான் அதிகம். சிட்ரேட் 500-இல் சுமார் 80, கிளைசினேட் 500-இல் சுமார் 70. இவை நன்றாகச் சேரும், கிளைசினேட் வயிற்றைக் கலக்குவதும் குறைவு. போத்தல் முகப்பில் 500 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதை மட்டும் பார்த்து ஒன்றோடு ஒன்று ஒப்பிடாதீர்கள். மாத்திரை வழியாக ஒரு நாளைக்குத் தாண்டக்கூடாத தனி மெக்னீசிய அளவை அமெரிக்காவில் 350 மில்லிகிராம், ஐரோப்பாவில் 250 என்று வைத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்குக் குறைவான பக்கம் நிற்பதே நல்லது. பேதி கண்டால் நீரும் பொட்டாசியமும் போய், எதற்காகச் சாப்பிட்டார்களோ அந்தக் கால் இழுப்பே கூடிவிடும்.

தெரிந்தவர் வாங்கிக் கொடுத்த போத்தல் என்கிறீர்கள். அதில் சுகாதார அமைச்சின் பதிவெண், ‘எம்ஏஎல்’ என்று தொடங்குவது, ஹோலோகிராம் ஸ்டிக்கரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அதைத் திரும்ப அம்மாவின் கையில் கொடுக்காதீர்கள். கொடுத்தவர் அன்பாகத்தான் கொடுத்தார், அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சரிபார்க்காத மாத்திரையை இத்தனை மருந்து சாப்பிடும் ஒருவருக்குக் கொடுக்க முடியாது.

இடிக்கலாமா? சாதாரண மெக்னீசியம் மாத்திரையை, மெதுவாகக் கரையும் வகையாக இல்லாவிட்டால், இடிப்பதில் மருந்து கெட்டுப்போகாது. ஆனால் உரல் கைக்குப் பழகிவிட்டால் அடுத்து மெட்ஃபோர்மினும் அதே உரலுக்குள் போகும், அங்கேதான் ஆபத்து. பெயரோடு ‘எக்ஸ்ஆர்’, ‘எஸ்ஆர்’, ‘சிஆர்’ போன்ற எழுத்துகள் இருந்தால் அது பல மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும்படி செய்தது. இடித்தால் ஒரு நாள் மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். ஓமெப்ரசோல் கேப்சூலுக்குள் இருக்கும் சின்ன மணிகளை நசுக்கினால் வயிற்று அமிலம் அதை வீணாக்கிவிடும். எதை இடிக்கலாம், எதற்குத் திரவ வடிவம் உண்டு என்று கிளினிக் மருந்துக் கவுண்டரிலேயே கேளுங்கள். ஒவ்வொன்றாக எழுதித் தருவார்கள். தண்ணீரில் பொங்கிக் கரையும் மாத்திரை விழுங்க எளிது. ஆனால் அவற்றில் பல சோடியம் நிறைந்தவை, ரத்தக்கொதிப்புக்காரருக்குத் தினமும் கொடுக்க நல்லதல்ல. தண்ணீர் குடித்தாலே புரையேறும் ஒருவருக்குக் கரைத்துக் கொடுப்பது மாத்திரையைவிட மோசம். தண்ணீரைப் போல வேகமாகத் தவறான வழியில் ஓடக்கூடியது வேறில்லை, அது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லவேண்டும். எச்சில் படாமல் செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது பெரியவர்களுக்குக் கை வந்த பழக்கம். மாத்திரையையும் அப்படியே அண்ணாந்து போட்டுக்கொள்வார்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாய்ப் பக்கம் வழி திறந்துகொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர்கள் அதை விட்டே ஆகவேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, தலை நேராக இருக்க, டம்ளரில் வாய் வைத்து ஒரு மடக்குக் குடித்துத் தொண்டையை நனைத்த பிறகே மாத்திரை. தண்ணீர் புரையேறாதவர்களுக்கு அதற்கு மேல் ஒரு டம்ளர் தண்ணீர். பிறகு அரை மணி நேரம் படுக்கக்கூடாது. கால் இழுப்புக்கு என்று ராத்திரி படுக்கும் முன், எழுந்து எழுந்து சிறுநீர் போகவேண்டுமே என்று ஒரே மடக்குத் தண்ணீரில் மாத்திரையைப் போட்டு உடனே சாய்ந்துவிடுகிறார்களே, உணவுக்குழாயில் மாத்திரை ஒட்டிப் புண்ணாவதற்கு அதைவிடச் சுலபமான வழி கிடையாது. உங்கள் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். தண்ணீர் நன்றாக இறங்கி மாத்திரை மட்டும் நிற்பவர்கள் கெட்டியான கஞ்சி அல்லது தயிர் ஒரு கரண்டியில் வைத்து விழுங்கிப் பார்க்கலாம். மெக்னீசியம் சாப்பிடும் நாளில் தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சிப்ரோஃப்ளோக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆண்டிபயாட்டிக் தந்தால் எத்தனை மணி நேரம் தள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிம்வாஸ்டாட்டினைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வகைக் கொழுப்பு மருந்து சிலருக்குத் தசைவலி தரும். அம்லோடிபினோடு சேர்த்துச் சாப்பிடும்போது சிம்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அட்டையில் 40 என்று இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், நிறுத்தாதீர்கள்.

கால் இழுப்புக்கு இன்று ராத்திரியே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, மாத்திரை இல்லாமல். இழுத்துப் பிடித்தவுடன் முழங்காலை நேராக நீட்டி, பாதத்தின் விரல்களை முகத்தை நோக்கி மடக்கவேண்டும். கை எட்டாவிட்டால் நீங்கள் பிடித்து மெதுவாகத் தள்ளுங்கள். தடுப்பதற்கு, படுக்கும் முன் சுவரைப் பார்த்து நின்று, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னால் சாயவேண்டும். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். 10 விநாடி பிடித்து விடலாம், ஒவ்வொரு காலுக்கும் மூன்று தடவை. 2012-இல் நெதர்லாந்தில் 55 வயது தாண்டியவர்களை வைத்து நடந்த ஆய்வில், ஆறு வாரம் படுக்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் இப்படி நீட்டியவர்களுக்கு ராத்திரி இழுப்பு குறைந்தது. அம்மா நிற்கத் தடுமாறினால் நாற்காலியில் உட்கார்ந்து துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்து வலித்தால் அது இழுப்பில்லை, ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி. நடந்தால் வலித்து நின்றால் போகும் வலி ரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும், அதையும் சொல்லவேண்டும்.

உணவில் மெக்னீசியம் சேர்ப்பதைத் தாராளமாகச் செய்யலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 140 மில்லிகிராம் இருக்கிறது. பாசிப்பயறு, முருங்கைக்கீரை, பசலைக்கீரை எல்லாமே நல்லவை. பாதாமும் பூசணி விதையும் இன்னும் நிறைந்தவை, ஆனால் தொண்டையைப் பரிசோதிக்கும் வரை அம்மாவுக்கு விதையும் கொட்டையும் வேண்டாம், கச்சானும் வேண்டாம். கெட்டியான கேழ்வரகுக் கஞ்சி, குழைய வேகவைத்து மசித்த பயறு, கடைந்த கீரை போதும். சிறுநீரகக் கோளாறு என்று தெரிந்தால் இந்த ஆலோசனையும் மாறும்.

எங்கே போவது? பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் தொடங்குங்கள், குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட்தான். அங்கிருந்து, வாய் வழியாக மெல்லிய குழாய் விட்டு உள்ளே பார்க்கும் ஸ்கோப் வசதியுள்ள செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ தீவிலுள்ள பினாங்கு பொது மருத்துவமனைக்கோ கடிதம் கொடுப்பார்கள். புரையேற்றம்தான் பெரிதாக இருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரும் ஸ்பீச் தெரபிஸ்டும் பார்ப்பார்கள். பேச்சுக்கு மட்டுமே அவர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள், விழுங்கும் பயிற்சியும் அவர்கள் வேலைதான். எந்தப் பதத்தில் உணவும் தண்ணீரும் கொடுக்கலாம் என்று சோதித்துச் சொல்வார்கள். ஸ்கோப் என்றதும் அம்மா பயப்படுவார். தொண்டைக்கு மரத்துப்போகும் மருந்தும், தேவைப்பட்டால் மயக்க மருந்தும் கொடுத்துச் செய்வார்கள், பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லுங்கள். உணவு சிக்கிக்கொண்டு எச்சில்கூட இறங்காமல் வழிந்தால், மூச்சுத் திணறினால், ரத்தமாக வாந்தி எடுத்தால், மலம் கறுப்பாகப் போனால் கடிதத்துக்கெல்லாம் காத்திராமல் நேரே அவசரப் பிரிவு, அல்லது 999.

கிளினிக்கில் பதியும்போது “காலு இழுக்குது” என்று தொடங்காதீர்கள், சாதாரண வரிசையில் போட்டுவிடுவார்கள். “மக் சாயா சூசா தெலான், பெராட் பாடான் தூருன்”, அதாவது அம்மாவுக்கு விழுங்கச் சிரமம், எடையும் குறைகிறது என்று மலாயில் முதலிலேயே சொல்லுங்கள். புத்தகத்தில் பார்த்த பழைய எடையையும் இன்றைய எடையையும் கையில் எழுதி வைத்திருங்கள். மருந்துப் பையை முழுதாக, அந்த மெக்னீசியம் போத்தலோடு கொண்டு போங்கள். அடுத்த இனிப்புநீர் அப்பாயின்மென்ட் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போய்விடுங்கள்.